எமுலேட்டரில் ஓடினால் மட்டும் போதாது: என்இஎஸ் கேமைக் கார்ட்ரிட்ஜாக்கி விற்பது

கேமை எழுதி முடித்து, சிப்பில் ஏற்றி, கார்ட்ரிட்ஜைச் செருகிப் பவர் பட்டனை அழுத்தினால் வெறும் சாம்பல் திரை. கணினியில், கன்சோலைப் போல நடிக்கும் எமுலேட்டர் மென்பொருளில், அதே கேம் ஜோராக ஓடும். நின்டெண்டோவின் பழைய கன்சோலான என்இஎஸ்-க்குப் புதிதாகக் கேம் செய்கிற பலருக்கு முதல் நாள் இப்படித்தான் விடிகிறது. பல நேரம் காரணம் வெறும் 16 பைட். எமுலேட்டருக்குக் கொடுக்கும் கோப்பின் தலையில் எந்த மேப்பர் (நினைவகத்தைப் பகுதி பகுதியாக மாற்றித் தரும் சுற்று), எவ்வளவு ரோம் (நிரலும் படமும் இருக்கும் நினைவகம்), மிரரிங் (திரைக்கு வெளியே அதே படம் திரும்ப வருவது) எந்தப் பக்கம் என்று சொல்லும் 16 பைட் குறிப்பு ஒன்று இருக்கும். கார்ட்ரிட்ஜுக்கு அது தேவையே இல்லை. அங்கே போர்டில் ஓடும் செப்புக் கம்பிகள்தான் மேப்பர். கோப்பை அப்படியே சிப்பில் ஏற்றினால் நிரல் முழுக்க 16 இடம் தள்ளிப் போய் உட்காரும். பிராசஸர் எங்கே தொடங்க வேண்டும் என்று சொல்லும் ரீசெட் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் வேறு எதுவோ இருக்கும், பிராசஸர் எங்கோ தாவிவிடும்.

எனவே முதலில் அந்த 16 பைட்டை வெட்டுங்கள். மீதியில் நிரல் ரோம், பட ரோம் இரண்டையும் தனித்தனிக் கோப்பாகப் பிரியுங்கள். சிப் பெரிதாகவும் நிரல் சிறிதாகவும் இருந்தால் இன்னொரு வேலையும் உண்டு. 32 கேபி நிரலை 128 கேபி சிப்பில் போடும்போது அதையே நான்கு முறை அடுத்தடுத்து எழுதி நிரப்புங்கள். மேல் முகவரிக் கால்கள் போர்டில் எந்தப் பக்கம் கட்டப்பட்டிருந்தாலும் அப்போது சரியான நிரல்தான் கிடைக்கும்.

என்இஎஸ் பிராசஸரின் மொழியான 6502 அசெம்ப்ளி கற்றுக்கொள்ள நெர்டி நைட்ஸ் பாடங்களும் நெஸ்டெவ் விக்கியும் இருக்கின்றன. சிஏ65 அசெம்ப்ளர், மெசென் எமுலேட்டர், இசைக்கு ஃபாமிஸ்டூடியோ, சி மொழியில் எழுத ஆசைப்பட்டால் சிசி65 என்று கருவிகளுக்கும் பஞ்சமில்லை, எல்லாமே இலவசம். அதனால் கேம் எழுதுவதைப் பற்றி இங்கே அதிகம் சொல்லப் போவதில்லை. காசு கொடுத்து வாங்குகிறவர் வீட்டில் இருப்பது நாற்பது வயதை நெருங்கிய இயந்திரம். அதில் ஓடும் கார்ட்ரிட்ஜைத்தான் நாம் விற்கிறோம். எமுலேட்டருக்கும் அந்த இயந்திரத்துக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

மேப்பரை முதலிலேயே முடிவு செய்யுங்கள்

ஒரு கார்ட்ரிட்ஜுக்கு எவ்வளவு செலவாகும், எத்தனை சால்டர் புள்ளிகள் வரும் என்பதெல்லாம் முதல் வரி நிரல் எழுதும் முன்பே தீர்மானமாகிவிடுகிறது. தீர்மானிப்பது மேப்பர்.

எளிமையானது என்-ரோம்: 32 கேபி நிரல், 8 கேபி படம், பேங்க் (ரோமின் ஒரு துண்டு) மாற்றும் வேலை எதுவும் கிடையாது. மொத்தம் 40 கேபி. இதில் என்ன செய்துவிட முடியும் என்று கேட்பவர்கள் 2019-இல் மார்ஃப்கேட் கேம்ஸ் வெளியிட்ட மைக்ரோ மேஜஸைப் பாருங்கள். நால்வர் சேர்ந்து ஆடக்கூடிய முழு கேம் அந்த 40 கேபிக்குள் இருக்கிறது. படங்களைப் பாதியாக வெட்டித் திருப்பிப் பயன்படுத்துவது, வரைபடத்தைச் சுருக்கி வைப்பது என்று ஒவ்வொரு பைட்டுக்கும் உழைத்திருக்கிறார்கள்.

இடம் போதாவிட்டால் அடுத்தது யுஎன்-ரோம். 74எச்சி161 ஒன்று, 74எச்சி32 ஒன்று, ஃபிளாஷ் சிப் ஒன்று, படத்துக்கு ரேம் சிப் ஒன்று. எல்லாம் கடையில் கிடைக்கும் பாகங்கள். 128 அல்லது 256 கேபி நிரல் கிடைக்கும். கடைசி 16 கேபி எப்போதும் மேல் முகவரியில் நிலையாக இருக்கும், கீழ் 16 கேபி மட்டும் மாறும். ரீசெட், என்எம்ஐ (ஒவ்வொரு ஃபிரேமிலும் பிராசஸரைக் கூப்பிடும் குறுக்கீடு), இசை எஞ்சின் மூன்றையும் அந்த நிலையான பகுதியில் வையுங்கள். கேமைச் சேமிக்க வேண்டும் என்றால் மேப்பர் 30 நல்ல தேர்வு: 512 கேபி ஃபிளாஷ், 32 கேபி வரை பட ரேம், ஓடிக்கொண்டிருக்கும்போதே தன் ஃபிளாஷில் தானே எழுதிக்கொள்ளும்.

எம்எம்சி3 மாதிரி மேப்பர்களைத் தேவையில்லாமல் தொடாதீர்கள். திரையின் நடுவில் குறுக்கீடு தரும் அதன் வசதி அருமையானதுதான். ஆனால் அதைப் புதிதாகச் செய்ய சிபிஎல்டி என்ற, லாஜிக்கை நாமே அமைக்கும் சிப் வேண்டும், அதற்குத் தனியாக நிரல் ஏற்ற வேண்டும். மேலே ஒரு நிலைப்பட்டை, கீழே நகரும் காட்சி என்ற அளவுக்கு ஸ்பிரைட் 0 உத்தியே, அதாவது முதல் ஸ்பிரைட் (நகரும் சின்னப் படம்) வரையப்படும் நேரத்தைக் கவனிப்பதே, போதும்.

யுஎன்-ரோமில் எல்லாரும் ஒருமுறையாவது தடுக்கி விழும் இடம் பஸ் மோதல். பேங்க் எண்ணை எழுத ரோம் முகவரி ஒன்றில் எழுதுகிறோம். அந்த நொடியில் ரோம் சிப்பும் வாயை மூடிக்கொண்டு இருக்காது, அந்த முகவரியில் உள்ள தன் பைட்டைத் தானும் கம்பியில் வைக்கும். பிராசஸர் 5 என்கிறது, ரோம் 2 என்கிறது, பேங்க் எண்ணைப் பிடித்து வைக்கும் லாட்ச் சிப்புக்குக் கிடைப்பது இரண்டின் கலவை. ஒரு கன்சோலில் சரியாகப் போகும், இன்னொன்றில் கேம் தொங்கும். தீர்வு சுலபம். நிலையான பேங்கில் 0 முதல் 15 வரை எண்களை வரிசையாக ஒரு பட்டியலாக வையுங்கள். பேங்க் 5 வேண்டுமென்றால் அந்தப் பட்டியலில் 5 இருக்கும் இடத்திலேயே 5-ஐ எழுதுங்கள். இருவரும் ஒரே எண்ணைச் சொன்னால் மோதல் எங்கிருந்து வரும்?

இயந்திரம் எமுலேட்டரிடமிருந்து வேறுபடும் இடங்கள்

பவர் போட்டதும் 2 கேபி ரேமில் என்ன இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. சில எமுலேட்டர்கள் சுத்தமான பூஜ்யத்தைக் கொடுத்து நம்மைக் கெடுத்துவிடுகின்றன. தொடக்க நிரலில் ரேம் முழுவதையும் நீங்களே அழியுங்கள். மெசெனில் தொடக்க ரேமைக் குழப்பிவிடும் அமைப்பு இருக்கிறது, எழுதப்படாத இடத்தைப் படித்தால் நிறுத்தும் வசதியும் இருக்கிறது. இரண்டையும் முதல் நாளிலிருந்தே போட்டு வையுங்கள். வெளியீட்டுக்கு முந்தைய வாரம் போட்டால் நூறு இடத்தில் நிற்கும்.

ரீசெட் விஷயத்தில் கன்சோலுக்குக் கன்சோல் வித்தியாசம் உண்டு. முன்பக்கம் கார்ட்ரிட்ஜ் செருகும் என்இஎஸ்-இல் ரீசெட் அழுத்தினால் பிராசஸரும் படச் சிப்பான பிபியுவும் சேர்ந்தே மறுதொடக்கம் ஆகும். பிபியு கிட்டத்தட்ட ஒரு ஃபிரேம் நேரம், சுமார் 29,658 சைக்கிள் (பிராசஸரின் கடிகாரத் துடிப்பு), சில பதிவேடுகளில் எழுதுவதைக் காதில் வாங்காது. என்இஎஸ்-இன் ஜப்பானிய வடிவமான ஃபேமிகாமிலும் மேலிருந்து செருகும் என்இஎஸ்-இலும் ரீசெட் பிபியுவைத் தொடுவதே இல்லை. என்எம்ஐ ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கும். அதனால் தொடக்க நிரலின் முதல் சில வரிகளிலேயே பிபியு பதிவேடுகளான $2000, $2001 இரண்டிலும் பூஜ்யம் எழுதி, $4017-இல் ஃபிரேம் குறுக்கீட்டை அணைத்துவிட்டு, இரண்டு விபிளாங்க் (ஒரு திரையை வரைந்து முடித்து அடுத்ததைத் தொடங்கும் முன் உள்ள இடைவேளை) காத்திருங்கள். முதல் காத்திருப்புக்கும் இரண்டாவதற்கும் நடுவில் ரேமை அழித்தால் நேரம் வீணாகாது.

விபிளாங்க் கணக்கைப் பேனாவும் தாளும் வைத்துப் போட்டுப் பாருங்கள். என்டிஎஸ்சி (அமெரிக்க, ஜப்பானிய டிவி முறை) இயந்திரத்தில் 20 வரி, மொத்தம் சுமார் 2,273 சைக்கிள். ஸ்பிரைட் பட்டியலை $4014 வழியாக அனுப்ப 513 அல்லது 514 போய்விடும். என்எம்ஐக்குள் நுழைவது, பதிவேடுகளைக் காப்பது, கடைசியில் ஸ்கிரோலை மறுபடி நிறுத்துவது எல்லாம் போக, பைட்டுக்கு 8 சைக்கிள் என்று விரித்தெழுதிய நிரலில்கூட 200 பைட்டைத் தாண்டுவது கஷ்டம். சாதாரண லூப்பில் நூற்றுச் சொச்சம்தான். தாண்டினால் திரையின் மேல் ஓரத்தில் படம் துள்ளும், அல்லது தப்பான டைல் (படத் துண்டு) தெறிக்கும். பிஏஎல் (ஐரோப்பிய டிவி முறை) என்இஎஸ்-இல் விபிளாங்க் 70 வரி நீளம். ஐரோப்பாவில் பிஏஎல் கன்சோலை மட்டும் வைத்துக்கொண்டு எழுதினால் இந்தப் பிழை கண்ணிலேயே படாது, அமெரிக்காவுக்குப் போன கார்ட்ரிட்ஜ்தான் காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது பேய் பட்டன். டிரம் ஒலிக்கு பதிவு செய்த ஒலியை இசைக்கும் டிபிசிஎம் சேனலைப் பயன்படுத்தும் கேமில் கதாபாத்திரம் சில சமயம் தானாக வலப்பக்கம் ஒரு அடி எடுத்து வைக்கும். கன்ட்ரோலர் கெட்டுவிட்டது என்று வாங்கியவர் நினைப்பார். நடப்பது இதுதான். என்டிஎஸ்சி பிராசஸர் அடுத்த ஒலி பைட்டை எடுக்கப் போகும் அதே சைக்கிளில் நாம் கன்ட்ரோலர் முகவரியான $4016-ஐப் படித்தால், கன்ட்ரோலருக்கு ஒன்றுக்குப் பதில் இரண்டு கடிகாரத் துடிப்பு போய்விடும். ஒரு பட்டனின் பிட் நடுவில் தொலையும், மற்றவை ஒரு இடம் நகரும், கடைசி இடத்துக்கு 1 வந்து சேரும். கடைசி இடம் வலப்பக்க அம்பு. பிஏஎல் பிராசஸரில் இந்தக் குறையைச் சரி செய்துவிட்டார்கள். என்டிஎஸ்சிக்கு நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்: எட்டு பட்டனையும் படித்து வையுங்கள், உடனே இன்னொரு முறை படியுங்கள், இரண்டும் ஒத்துப்போனால் ஏற்றுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மறுபடி படியுங்கள். மிக வேகமான ஒலி மாதிரியிலும் இரண்டு பைட்டுக்கு நடுவில் 432 சைக்கிள் இடைவெளி உண்டு. படிக்கும் லூப்பை 150 சைக்கிள் சுமாருக்குள் வைத்தால் அடுத்தடுத்த இரண்டு படிப்பும் ஒன்றாகக் கெட வாய்ப்பில்லை. படிக்கும்போது பிட் 0-ஐ மட்டும் பார்க்காமல் பிட் 1-ஐயும் சேர்த்துப் பாருங்கள். ஃபேமிகாமின் விரிவாக்கச் செருகியில் மாட்டும் கன்ட்ரோலர்கள் அந்த வழியாகத்தான் பேசும்.

வேகமும் ஒரு பிரச்சினைதான். என்டிஎஸ்சி நொடிக்கு 60 ஃபிரேம், பிஏஎல் 50. கண்டுகொள்ளாமல் விட்டால் பிஏஎல் வீட்டில் இசையும் ஓட்டமும் ஆறில் ஒரு பங்கு மெதுவாகிவிடும். இரண்டு என்எம்ஐக்கு நடுவில் லூப் எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணினால் எந்த இயந்திரம் என்று கண்டுபிடித்துவிடலாம்: என்டிஎஸ்சியில் 29,780 சைக்கிள், பிஏஎல்லில் 33,247, மூன்றாவது வகையில் 35,464. அந்த மூன்றாவது வகை ஃபேமிகாமின் நகல் இயந்திரங்கள். 90-களில் நம்மூரில் "டிவி கேம்" என்று சொல்லி, மஞ்சள் கேசட்டுடன் விற்றது இந்த நகல் குடும்பம்தான். பிஏஎல் டிவிக்கான நகல்கள் 50 ஃபிரேமில் ஓடினாலும் அவற்றின் விபிளாங்க் என்டிஎஸ்சி போலவே 20 வரிதான், கூடுதல் வரிகள் அதற்கு முன்பே கழிந்துவிடும். ஆகவே 20 வரிக்குள் அடங்கிய நிரல் இவற்றிலும் தடங்கல் இல்லாமல் ஓடும். ஒலியில் மட்டும் ஒரு வினோதம் உண்டு. பல நகல்களில் சதுர அலையின் 25, 50 சதவீத அகலங்கள் இடம் மாறிக் கிடக்கும், மெட்டு அதேதான், குரல் வேறாகக் கேட்கும். நம் நிரலில் தவறு தேடி ராத்திரி முழுக்க உட்கார வேண்டாம்.

பழைய பிக்சர் டியூப் டிவி ஓரங்களை விழுங்கும். மதிப்பெண், உயிர் எண்ணிக்கை போன்றவற்றை நான்கு பக்கமும் குறைந்தது 16 பிக்சல் உள்ளே தள்ளுங்கள், மேல் பக்கம் 24 என்றால் இன்னும் நிம்மதி. ஒரு வரியில் 8 ஸ்பிரைட்டுக்கு மேல் போனால் மீதி மறைந்துவிடும். ஒவ்வொரு ஃபிரேமிலும் ஸ்பிரைட் வரிசையைச் சுழற்றினால் மறைவதற்குப் பதில் மினுக்கும். குண்டு எங்கே வருகிறது என்பதாவது தெரியும், ஆடுபவருக்கு அது போதும்.

சேமிப்பு: பேட்டரி வேண்டாம்

அந்தக் காலத்துக் கார்ட்ரிட்ஜ்களில் ரேம் சிப்பும் வட்டப் பேட்டரியும் இருந்தன. பேட்டரி தீர்ந்தால் சேமிப்பும் போச்சு. லித்தியம் பேட்டரி உள்ள பார்சலை வெளிநாட்டுக்கு விமானத் தபாலில் அனுப்பத் தனி விதிகளும் உண்டு. ஃபிளாஷிலேயே சேமித்தால் இரண்டு தொல்லையும் இல்லை.

ஆனால் ஃபிளாஷில் எழுதுவது ரேமில் எழுதுவது போல அல்ல. 39எஸ்எஃப்040 சிப்பில் ஒரு பைட்டைப் பதிக்க நான்கு முறை எழுத வேண்டும், 4 கேபி பகுதி ஒன்றை அழிக்க ஆறு முறை. மேப்பர் 30-இல் இந்தக் கட்டளைகள் இரண்டு வேறு முகவரிகளுக்குப் போக வேண்டியிருப்பதால் ஒவ்வொன்றுக்கும் முன்னால் பேங்கையும் மாற்ற வேண்டும். இதைவிட முக்கியம், அழித்து முடியும் வரை, அதிகபட்சம் 25 மில்லிவினாடி, அந்தச் சிப்பிலிருந்து எதையுமே படிக்க முடியாது. நம் நிரல் இருப்பதும் அதே சிப்பில்தான். ஆகவே அழிக்கும் சின்ன நிரலை ரேமுக்கு நகலெடுத்து அங்கிருந்து ஓட்டுங்கள். அதற்கு முன் என்எம்ஐயை அணையுங்கள், குறுக்கீடுகளை அணையுங்கள், டிபிசிஎம் ஒலியை நிறுத்துங்கள். இவற்றில் ஒன்றை மறந்தாலும் நடுவில் பிராசஸர் ரோமைத் தேடிப் போகும், குப்பையைப் படிக்கும், கேம் அங்கேயே செத்துப்போகும். ஐம்பது முறை சேமித்தால் ஒருமுறை நடக்கும் பிழை இது, சோதனையில் தப்பி வாடிக்கையாளரிடம் போய்ச் சேரும் ரகம்.

அழித்த நொடியில் மின்சாரம் போனால்? இதற்கும் யோசித்து வைக்க வேண்டும். இரண்டு 4 கேபி பகுதிகளை ஒதுக்குங்கள். ஒவ்வொரு சேமிப்பும் 64 பைட் என்றால் ஒரு பகுதியில் 64 சேமிப்பு அடுத்தடுத்து எழுதலாம். நிரம்பிய பின்தான் மற்றப் பகுதியை அழித்து அங்கே தொடங்க வேண்டும். ஒவ்வொரு சேமிப்பிலும் வரிசை எண்ணும், தரவு கெட்டதா என்று காட்டும் கூட்டு எண்ணான செக்சம்மும் இருக்கட்டும். தொடக்கத்தில் செக்சம் சரியாக உள்ள, வரிசை எண் பெரியதாக உள்ள ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பாதியில் நின்றுபோனதைச் செக்சம் காட்டிவிடும், முந்தையது பத்திரமாக இருக்கும். சிப்பின் ஆயுள் ஒரு பகுதிக்கு லட்சம் அழிப்பு என்று தயாரிப்பாளர் கணக்கு. இந்த முறையில் அது வாங்கியவரின் ஆயுளுக்கும் தாண்டும்.

போர்டு

முதலில் கனம். பிசிபி (சர்க்யூட் போர்டு) செய்து தரும் கடைகள் நாம் எதுவும் சொல்லாவிட்டால் 1.6 மிமீ போர்டு அனுப்பும். என்இஎஸ் கார்ட்ரிட்ஜ் போர்டு 1.2 மிமீ. தடிமனான போர்டும் உள்ளே போகும், அதுதான் ஆபத்து. உள்ளே உள்ள 72 பின் கனெக்டரின் பற்களை விரித்துவிடும். அதன்பின் வாங்கியவரின் மற்றப் பழைய கார்ட்ரிட்ஜ்கள் ஒழுங்காகத் தொடாது. அவர் கன்சோலைக் கெடுத்தது நம் போர்டு. ஆர்டர் படிவத்தில் 1.2 என்று தெரிவு செய்துவிட்டு, குறிப்புப் பெட்டியிலும் எழுதுங்கள். வந்ததும் ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒன்றைக் காலிப்பரில் அளந்து பாருங்கள்.

விளிம்புக்குச் சரிவு வெட்டச் சொல்லுங்கள், கனெக்டரைத் தொடும் போர்டின் பற்களுக்குத் தங்க முலாம் கேளுங்கள். மின்முலாம் பூசிய கடினத் தங்கம் சிறந்தது. விலை இடித்தால் எனிக் பூச்சு (நிக்கலின் மேல் மெல்லிய தங்கம்) பரவாயில்லை. ஈயப் பூச்சு கூடவே கூடாது. மிருதுவானது, சமமாக இருக்காது, தேய்ந்து கனெக்டரில் ஒட்டும். இன்னொன்று, என்இஎஸ் பற்களின் இடைவெளி 2.50 மிமீ, ஃபேமிகாமின் 60 பின்னுக்கு 2.54. ஒன்றிலிருந்து நகலெடுத்து மற்றதை வரைந்தால் நடுவில் சரியாக இருந்து ஓரத்தில் தப்பும்.

ஃபிளாஷ் 5 வோல்ட் சிப்பாக இருக்கட்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று 3.3 வோல்ட் சிப்பை 5 வோல்ட் கம்பிகளோடு நேராகக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஓடும், ஆனால் சிப்பும் கன்சோலின் பஸ்ஸும் தினமும் அடி வாங்கும். 3.3 வோல்ட்தான் வேண்டுமென்றால் 74எல்விசி வகை மாற்றுச் சிப்புகளை நடுவில் போடுங்கள். ஒவ்வொரு சிப்பின் மின்காலுக்கும் பக்கத்தில் 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர், பற்களுக்கு அருகில் 22 மைக்ரோஃபாரட் ஒன்று. மிரரிங்குக்கு இரண்டு சால்டர் பட்டைகள் வையுங்கள். கேம் பக்கவாட்டில் நகர்ந்தால் வெர்டிக்கல், மேலும் கீழும் நகர்ந்தால் ஹரிசான்டல். பெயர் தலைகீழாகத் தோன்றுவதால் தப்பாக ஒட்டுவது சகஜம். தப்பாக ஒட்டினால் ஸ்கிரோல் ஆகும்போது ஏற்கெனவே கடந்த காட்சி எதிரில் வந்து நிற்கும்.

பூட்டுச் சிப் சிஐசியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முன்பக்கம் செருகும் என்இஎஸ்-இல் கன்சோலுக்குள் ஒரு சிப், கார்ட்ரிட்ஜுக்குள் அதன் ஜோடி. இரண்டும் பேசிக்கொள்ளாவிட்டால் கன்சோல் நொடிக்கொரு முறை ரீசெட் ஆகும், சிவப்பு விளக்கு மினுக்கும். அந்தப் பூட்டுக்கான அமெரிக்கக் காப்புரிமை 2006-இல் முடிந்துவிட்டது. இப்போது ஏடிடைனி13 என்ற சிறு மைக்ரோகன்ட்ரோலர் சிப்பில் அதே உரையாடலைச் செய்யும் நிரலை ஏற்றிப் பயன்படுத்துகிறார்கள். கவனிக்க வேண்டியது ஃபியூஸ் அமைப்பு, அதாவது சிப்பின் அடிப்படை நடத்தையைத் தீர்மானிக்கும் பிட்டுகள். சிப்புக்குக் கடிகாரத் துடிப்பு கன்சோலிலிருந்து வர வேண்டும் என்பதால் வெளிக் கடிகாரம் என்று மாற்றுகிறோம். மாற்றிய பின் துடிப்பு எதுவும் கொடுக்காமல் அந்தச் சிப்பில் மறுபடி எழுத முடியாது. எனவே நிரலை ஏற்றிச் சரிபார்த்த பிறகு, கடைசியாக ஃபியூஸைத் தொடுங்கள். ஃபேமிகாமிலும் மேலிருந்து செருகும் என்இஎஸ்-இலும் பூட்டு இல்லை. அவற்றில் மட்டும் சோதித்தால் சிஐசி வேலை செய்யாதது தெரியவே தெரியாது.

சால்டரிங்கில் ஒரே ஒரு பழக்கம் பல போர்டுகளைக் காப்பாற்றும். வேலை தொடங்கும் முன் தங்கப் பற்களின் மேல் இரண்டு பக்கமும் வெப்பம் தாங்கும் காப்டன் டேப் ஒட்டிவிடுங்கள். ஒரு துளி சால்டர் பல்லின் மேல் தெறித்தால் அதை உறிஞ்சி எடுத்தாலும் தங்கத்தின் மேல் ஈயப் படலம் மிஞ்சும். அந்தப் போர்டை விற்காதீர்கள், சோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் ஃபிளக்ஸைக் கழுவி, டேப்பை உரித்து, ஓரச் சாய்வு வெளிச்சத்தில் பிஎல்சிசி (நான்கு பக்கமும் கால் உள்ள) சிப்பின் கால்களுக்கு நடுவில் பாலம் இருக்கிறதா என்று பாருங்கள்.

உறைக்குப் பழைய கார்ட்ரிட்ஜைப் பிரித்து எடுப்பது ஒரு காலத்து வழக்கம். இப்போது புதிய உறைகளே வார்த்துக் கிடைக்கின்றன, பழையவற்றை விட்டுவிடுங்கள். திருகு 3.8 மிமீ சிறப்புத் தலை, அதற்கான டிரைவர் தனியாக வாங்க வேண்டும்.

சோதனை

நேராகக் கேமை ஏற்றாதீர்கள். முதலில் ஒரு சோதனை ரோம் எழுதிக்கொள்ளுங்கள்: எல்லா பேங்கும் மாறுகிறதா, பட ரேமின் ஒவ்வொரு பைட்டும் எழுதிப் படித்தால் ஒத்துப்போகிறதா, மிரரிங் சரியா, சேமிப்பு அழிந்து எழுதப்படுகிறதா. சரி என்றால் பச்சைத் திரை, இல்லையென்றால் எந்தச் சோதனை என்று ஒரு எண். பச்சை வந்த பிறகு கேமை ஏற்றி, திரும்பப் படித்து ஒப்பிட்டு, பத்து நிமிடம் ஓடவிட்டு, சேமித்து, அணைத்து, எடுத்து, மறுபடி செருகிப் பாருங்கள். லேபிள் ஒட்டுவது இதற்கெல்லாம் பிறகு.

கன்சோல் என்று பார்த்தால் முன்பக்கம் செருகும் என்டிஎஸ்சி ஒன்றாவது கட்டாயம். பிஏஎல்லுக்கு விற்பதாக இருந்தால் அதுவும். கார்ட்ரிட்ஜை முழுக்க நகலெடுத்து உள்ளே எமுலேட்டரில் ஓட்டும் நவீனக் கருவிகளில் புதிய மேப்பர்கள் ஓடாமல் போகலாம், ஃபிளாஷ் சேமிப்பு தங்காமல் போகலாம். விற்பனைப் பக்கத்தில் இதை வெளிப்படையாக எழுதிவிடுங்கள், வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ளட்டும்.

விற்பனை

பணம் வாங்கும் நேரம்தான் இதில் பெரிய முடிவு. கேம் முடிந்து, முதல் ஐந்து போர்டுகள் கையில் ஓடிய பிறகு முன்பதிவைத் திறங்கள். அதற்கு முன் திறந்தால், ஒரு சிப் கிடைக்காமல் போனாலும் நீங்கள் கடனாளிதான். 2021-இல் உலகம் முழுக்கச் சிப் தட்டுப்பாடு வந்தபோது முன்பணம் வாங்கியவர்கள் பட்டபாடு கொஞ்சமில்லை.

விலைக்கு ஒரு மாதிரிக் கணக்கு. போர்டு, சிப்புகள், உறை, லேபிள், பெட்டி, கையேடு எல்லாம் சேர்ந்து ஒன்றுக்கு 20 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 100 செய்தால் 2,000. அதில் 5 பழுதாகும் அல்லது மாற்றிக் கொடுக்க வேண்டிவரும், மிஞ்சுவது 95. ஒன்றுக்கு 21 டாலருக்கு மேல் ஆகிவிட்டது. பணப் பரிமாற்றக் கட்டணம், தபால் உறை, பபிள் ராப் சேர்த்தால் 25-ஐத் தொடும். சால்டரிங், ஏற்றுதல், சோதனை, லேபிள், பொட்டலம் எல்லாம் சேர்ந்து ஒன்றுக்கு 40 நிமிடம் என்றால் நூற்றுக்கு 66 மணி நேரத்துக்கும் மேல். அந்த 66 மணிக்கு எதுவும் வைக்காமல் 30 டாலருக்கு விற்பவர்கள் இரண்டாவது முறை செய்வதில்லை. பெட்டியோடு 50 முதல் 65 வரை கேட்பது நியாயமான விலை, வாங்குபவர்களும் அதை அறிவார்கள்.

ரோம் கோப்பையும் விற்கலாம். கேம்களை இணையத்தில் விற்கும் இட்ச்.ஐஓ தளம் இயல்பாக 10 சதவீதம் எடுத்துக்கொள்கிறது, அதை நாமே மாற்றிக்கொள்ளவும் முடியும். கார்ட்ரிட்ஜ் வாங்கியவருக்கு ரோமை இலவசமாகவே கொடுங்கள். பூட்டுப் போட முயல்வது வீண் வேலை.

கன்சோல் நிறுவனத்தின் சின்னம், தர முத்திரை, கார்ட்ரிட்ஜ் பெட்டியின் அதே வடிவமைப்பு எதையும் லேபிளில் போடாதீர்கள். "என்இஎஸ்-இல் இயங்கும்" என்று எழுதினால் போதும். பிறருடைய கதாபாத்திரத்தை வைத்துச் செய்த கேமை விற்கவே கூடாது. இசை எஞ்சின், எழுத்துரு, ஒலி மாதிரி ஒவ்வொன்றின் உரிமத்தையும் ஒரு கோப்பில் குறித்து வையுங்கள்.

வெளிநாட்டுத் தபாலில் விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலை 1 முதல் முதல் யூரோவிலிருந்தே வாட் (மதிப்புக் கூட்டு வரி) உண்டு. 150 யூரோ வரையிலான பார்சலுக்கு ஐஓஎஸ்எஸ் என்ற இறக்குமதி வாட் முறையில் அதை முன்கூட்டியே வசூலிக்கலாம். 2024 டிசம்பர் 13 முதல் பொருளுக்குப் பொறுப்பாளர் ஒருவர் ஒன்றியத்துக்குள்ளேயே இருக்க வேண்டும் என்ற பாதுகாப்பு விதியும் வந்துவிட்டது. அமெரிக்காவில் 800 டாலருக்குள் வரியில்லை என்ற சலுகை 2025 ஆகஸ்ட் 29-இல் நின்றது. அந்தந்த நாட்டில் உள்ள ஒரு விற்பனையாளருக்கு 20, 30 என்று மொத்தமாக அனுப்பி அவர் மூலம் விற்பது, லாபம் குறைந்தாலும், தனியாள் செய்யக்கூடியதில் நிம்மதியான வழி.

விற்ற பிறகு வரும் முதல் புகார் "விளக்கு மினுக்குகிறது" என்பதாகத்தான் இருக்கும். அநேகமாக அது தொடுமுனை அழுக்கு. சிஐசி உரையாடல்தான் மோசமான தொடர்பில் முதலில் அறுந்துபோகும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 90 சதவீதத்துக்கு மேல் உள்ளதைப் பஞ்சுக் குச்சியில் தொட்டுப் பற்களைத் துடைத்து, காயவிட்டு, நான்கைந்து முறை செருகி எடுக்கச் சொல்லுங்கள். கூடவே வேறு பழைய கார்ட்ரிட்ஜ் அதே கன்சோலில் ஓடுகிறதா என்றும் கேளுங்கள். அது ஓடி நம்முடையது ஓடாவிட்டால் விவாதம் வேண்டாம், மாற்றுக் கார்ட்ரிட்ஜை அனுப்பிவிட்டு பழையதைத் திரும்ப வாங்குங்கள். அது ஏன் செத்தது என்று நமக்குத் தெரிந்தாக வேண்டும்.

அதற்காகத்தான் போர்டு வரையும்போதே ஒரு வெள்ளைக் கட்டம் விட்டு வைக்கச் சொல்வது. வரிசை எண், ரோம் பதிப்பு, ஏற்றிய தேதி மூன்றையும் அழியாத பேனாவில் அதில் எழுதிவிடுங்கள். 37-ஆம் எண் கார்ட்ரிட்ஜில் சேமிப்பு போகிறது என்று ஒருவர் எழுதினால், அது எந்தக் கட்டுச் சிப், எந்தப் பதிப்பு, அதே நாளில் செய்த மற்றவை யார் யாரிடம் போயின என்பது ஐந்து நிமிடத்தில் கையில் இருக்கும். அவர்களுக்கும் அன்றைக்கே எழுதிவிடலாம்.